3 கிகாஹெர்ட்ஸில் இரண்டா, 2.4இல் நான்கா: 2008ஆம் ஆண்டின் ஒரு பிராசசர் தேர்வு

2008 ஜனவரியில் கேம் விளையாடுவதற்கென்று கணினி கட்ட நினைத்தவர்களில் பெரும்பாலோர் கடைசியில் இரண்டு பிராசசர்களுக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒன்று, அந்த மாதம்தான் வெளிவந்த இன்டெல் கோர் 2 டூயோ ஈ8400. மற்றொன்று, ஓராண்டுக்கு முன்பே வந்து விலை இறங்கியிருந்த கோர் 2 குவாட் கியூ6600. முன்னதில் 3 கிகாஹெர்ட்ஸ் கடிகார வேகத்தில் ஓடும் இரண்டு கோர்கள். கோர் என்பது பிராசசருக்குள் தனியாகக் கணக்குப் போடும் பகுதி. இன்டெல் அறிவித்த விலை 183 டாலர். பின்னதில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கோர்கள். விலை 266 டாலர். இரண்டும் எல்ஜிஏ 775 என்ற ஒரே சாக்கெட்டில் உட்காரும். மதர்போர்டு, டிடிஆர்2 நினைவகம், கிராஃபிக்ஸ் கார்டு எதையும் மாற்ற வேண்டியதில்லை. மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க, கோர்களின் எண்ணிக்கையும் வேகமும் மட்டும் வேறுபடும் இப்படிப்பட்ட தேர்வு அடிக்கடி அமைவதில்லை. அதனால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதை எடுத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அன்று என்னிடம் கேட்ட எல்லோருக்கும் நான் ஈ8400ஐத்தான் சொன்னேன். என் அக்கா மகன் அதைக் கேட்டு அதையே வாங்கினான். அந்த அறிவுரை எதுவரை சரியாக இருந்தது, எந்த இடத்தில் தவறியது என்பதை எண்களோடு பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருக்கிறது.

இரண்டு பிராசசர்களின் உள்ளே

ஈ8400 என்பது 45 நானோமீட்டரில் செய்யப்பட்ட சில்லு. இரண்டு கோர்களும் 6 மெகாபைட் கேஷை, அதாவது சில்லுக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகத்தை, பகிர்ந்துகொள்ளும். வெப்ப அளவு 65 வாட். நீண்ட நேரம் விளையாடினாலும் கூடவே வரும் சிறிய விசிறி போதும்.

கியூ6600 முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது, 65 நானோமீட்டர். நான்கு கோர் என்று சொன்னாலும் உள்ளே இருந்தவை இரண்டு இரட்டைக் கோர் சில்லுகள். அவற்றை ஒரே உறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் பதித்திருந்தார்கள். ஒவ்வொரு சில்லுக்கும் தனியாக 4 மெகாபைட் கேஷ். ஒரு சில்லில் உள்ள கோர், மற்றச் சில்லின் கோரிடம் இருக்கும் தரவைக் கேட்டால், அது வெளியே உள்ள பஸ் என்னும் தரவுப் பாதை வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். முதலில் வந்த பி3 வகை 105 வாட் வரை போனது. 2007 நடுவில் வந்த ஜி0 வகை 95 வாட்டுக்கு இறங்கியது. 2007 ஜனவரியில் 851 டாலருக்கு அறிமுகமான பிராசசர் அதே ஆண்டு ஜூலையில் 266க்கு வந்தது. விலை அந்த அளவுக்கு விழாமல் இருந்திருந்தால் சாதாரண வீடுகளில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் நான்கு கோர் பினாம் 2007 நவம்பரில் வந்தது. ஆனால் அதன் முதல் பதிப்பில் ஒரு வன்பொருள் பிழை இருந்தது, வேகத்திலும் பின்தங்கியது. ஆகவே போட்டி இன்டெலுக்கும் இன்டெலுக்கும் இடையில்தான்.

அன்றைய சோதனைகள் சொன்னது

2008இல் வந்த ஒப்பீட்டுச் சோதனைகளில் ஈ8400 பெரும்பாலான கேம்களில் முன்னே நின்றது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. 2007 நவம்பரில் வந்த கிரைசிஸ், அந்தக் காலத்தில் கணினியைத் திணறவைக்கும் கேம்களில் முதன்மையானது. அதன் பரிந்துரைப் பட்டியலே 2.2 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டூயோவைத்தான் கேட்டது. கேம் இயந்திரங்களை எழுதியவர்கள் அப்போதுதான் ஒரு கோரிலிருந்து இரண்டு கோருக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். உலகத்தைக் கணக்கிடும் வேலை ஒரு கோரில், படத்தை வரையச் சொல்லிக் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கட்டளை அனுப்பும் வேலை இன்னொரு கோரில் என்று பிரித்தார்கள். மூன்றாவது, நான்காவது கோர்களுக்குக் கொடுக்க உருப்படியான வேலை அவர்களிடம் இல்லை.

கேம்கள் கிராஃபிக்ஸ் கார்டோடு பேச விண்டோஸ் கொடுத்த டைரக்ட்3டி 9 என்ற மென்பொருளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அதில் வரைபடக் கட்டளைகள் நடைமுறையில் ஒரே திரெட், அதாவது ஒரே வேலைத் தொடர், வழியாகத்தான் போக முடியும். எத்தனை கோர் வைத்திருந்தாலும் அந்த ஒற்றை வழியின் வேகம்தான் கணக்கு. அங்கே 3 கிகாஹெர்ட்ஸ் 2.4ஐ வெல்வதில் வியப்பில்லை.

கோர்களைக் கூட்டினால் வேகம் ஏன் அதே அளவுக்குக் கூடுவதில்லை என்பதை கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967லேயே சொல்லிவிட்டார். நடவுக்கு இருபது பேர் வரப்பில் நிற்கலாம். நாற்றங்காலில் நாற்றைப் பறித்து முடி கட்டி வயலுக்குக் கொண்டுவரும் ஆள் ஒருவர்தான் என்றால், நடவு அவர் கையின் வேகத்தில்தான் நடக்கும். பிரிக்க முடியாத பங்கு எவ்வளவு என்பதுதான் முழு வேலையின் நேரத்தையும் தீர்மானிக்கிறது.

இதை நம் இரண்டு பிராசசர்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஒரு கேமின் வேலையில் 25 சதவீதத்தை மட்டுமே கோர்களுக்குப் பங்கிட முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஆம்டால் சொன்னபடி கோர்களால் கிடைக்கும் வேக உயர்வைக் கடிகார வேகத்தோடு பெருக்கினால் ஈ8400க்குக் கிடைப்பது 3.43, கியூ6600க்கு 2.95. பங்கிடக்கூடியது 50 சதவீதம் என்றால் 4.00, 3.84. இப்போதும் இரட்டைக் கோர்தான் முன்னால். 70 சதவீதம் என்றால் 4.62, 5.05, நாலு கோர் முந்திவிடுகிறது. 80 சதவீதத்தில் 5, 6. இரண்டும் சமமாகும் புள்ளி சுமார் 57 சதவீதம். கேஷ், பஸ், 45 நானோமீட்டர் சில்லுக்கு ஒவ்வொரு சுற்றிலும் இருந்த சிறு முன்னிலை ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் 2008இல் நடந்த வாக்குவாதம் முழுவதும் இந்த ஒரே எண்ணைச் சுற்றித்தான் நடந்தது என்பது என் கருத்து. அன்று வெளிவந்திருந்த கேம்களில் பெரும்பாலானவை 57க்குக் கீழே இருந்தன. இனி வரப்போகிறவை அதற்கு மேலே போகுமா, எப்போது போகும் என்பதுதான் உண்மையான கேள்வி. அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

2008 டிசம்பர்

ஜிடிஏ 4 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4) என்ற கேம் கணினிக்கு வந்தது 2008 டிசம்பரில். குறைந்தபட்சத் தேவை 1.8 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டூயோ, பரிந்துரை 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 குவாட். அதாவது கியூ6600இன் வேகம் அப்படியே பெட்டியின் மீது அச்சிடப்பட்டு வந்தது. ஈ8400 வாங்கி ஓராண்டுகூட ஆகாதவர்களுக்கு அது கசப்பாகத்தான் இருந்திருக்கும்.

அந்தக் கேம் ஏன் நான்கு கோர்களைக் கேட்டது என்பதற்கான விடை கணினி உலகத்தில் இல்லை. வரவேற்பறைத் தொலைக்காட்சிக்குக் கீழே இருந்தது. 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கேம் கன்சோலில் 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் மூன்று கோர்கள். ஒவ்வொன்றும் இரண்டு திரெட்களை ஓட்டும். வேலையைப் பல திரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்காத கேம் அதன் முழு வலிமையைப் பெற முடியாது. அடுத்த ஆண்டு வந்த பிளேஸ்டேஷன் 3இல் ஒரு முதன்மைக் கோரும் அதைச் சுற்றிச் சிறு துணைக் கோர்களும் இருந்தன. அங்கேயும் வேலையைத் துண்டு துண்டாக வெட்டியாக வேண்டும். ஜிடிஏ 4 முதலில் அந்த இரண்டுக்காகவும் எழுதப்பட்டு, ஏழு மாதம் கழித்துத்தான் கணினிக்கு மாறியது. நகரம் முழுக்க நடமாடும் மனிதர்கள், வண்டிப் போக்குவரத்து, உடல் அசைவுகளை அந்தந்தக் கணத்தில் கணக்கிடும் யூஃபோரியா தொழில்நுட்பம், ஓடிக்கொண்டிருக்கும்போதே வட்டிலிருந்து தெருக்களை இழுத்து விரிக்கும் வேலை என்று எல்லாமே ஏற்கெனவே பங்கு பிரிக்கப்பட்டிருந்தன. கணினியில் அந்தப் பங்குகளை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் போதும்.

பிறகு ஏன் எல்லாக் கன்சோல் கேம்களும் உடனே நாலு கோர் கேட்கவில்லை? எக்ஸ்பாக்ஸின் கோர்கள் கடிகார வேகத்தில் பெரியவையாகத் தெரிந்தாலும், கட்டளைகளை வந்த வரிசையில் மட்டுமே செய்யக்கூடிய எளிய கோர்கள். ஈ8400இன் ஒரு கோர் அவற்றில் ஒன்றைவிட அதிக வேலையைச் செய்யும். அதனால் ஆறு திரெட்களுக்கு எழுதிய பல கேம்கள் வலுவான இரண்டு கோர்களில் ஒருவாறு அடங்கிவிட்டன. 2011 வரை இரட்டைக் கோர் தாக்குப்பிடித்ததற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

சராசரி மறைத்தது

அக்கா மகன் அந்தக் கேமை வாங்கிய வாரத்தில் தொலைபேசியில் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "மாமா, ஃபிரேம் எண்ணைப் பார்த்தால் முப்பதுக்கு மேலேதான் காட்டுகிறது. ஆனால் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் ஒரு பிடிப்பு பிடித்து விடுகிறது." கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்பைக் குறைக்கச் சொன்னேன். அது உதவவில்லை. உதவாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வினாடிக்கு 60 ஃபிரேம், அதாவது திரையில் 60 படங்கள், என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிநொடி, 30 என்றால் 33.3. இரண்டு கோர்களும் கேமின் இரண்டு பெரிய திரெட்களில் மூழ்கியிருக்கும்போது மூன்றாவதாக ஒரு வேலை வருகிறது: புதிய தெருவின் தரவைப் பிரித்து விரிக்க வேண்டும், அல்லது வைரஸ் தடுப்பு மென்பொருள் விழித்துக்கொள்கிறது. விண்டோஸ் இரண்டில் ஒன்றை நிறுத்தி வைத்துவிட்டு இடம் கொடுக்கிறது. அப்படிக் கொடுக்கும் நேரத்துண்டு பத்து, இருபது மில்லிநொடிக் கணக்கில் இருக்கும். ஒரு முழு ஃபிரேமே அதில் போய்விடும். ஒரு வினாடியில் ஒரே ஒரு ஃபிரேம் 100 மில்லிநொடி எடுத்து, மற்றவை விரைவாக வந்துவிட்டால், சராசரி அழகாகவே இருக்கும். கண் மட்டும் அந்த ஒரு தடுக்கலைப் பிடித்துக்கொள்ளும்.

அன்றைய சோதனை முறை இதைக் காட்டும்படி அமையவில்லை. புதிதாக நிறுவிய விண்டோஸ், பின்னணியில் எதுவும் ஓடாத தூய்மை, பதிவுசெய்த ஒரே காட்சியைத் திரும்ப ஓட்டுதல், முடிவில் ஒரே ஒரு சராசரி எண். வீட்டுக் கணினியோ பாட்டு ஓட, குரல் அரட்டை ஓட, உலாவியில் பத்துப் பக்கம் திறந்திருக்க விளையாடப்படுவது. ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்த நேரத்தைத் தனித்தனியாக அளந்து காட்டும் முறை பரவலாகப் பேசப்பட்டது 2011 செப்டம்பரில், டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் அதைப் பற்றி எழுதிய பிறகுதான். அந்த அளவுகோல் மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே கையில் இருந்திருந்தால் 2008இன் தீர்ப்பு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். சோதித்தவர்கள் மீது எனக்குக் குறையில்லை. அளக்காத ஒன்றை இல்லை என்று எடுத்துக்கொண்ட என்னைப் போன்றவர்கள்தான் தவறினோம்.

ஓவர்கிளாக் செய்தவர்களின் கணக்கு

ஓவர்கிளாக் என்பது பிராசசரைத் தொழிற்சாலை வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. இந்தக் கணக்கை அன்றைக்கே நான் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பஸ் வேகத்தைப் பெருக்கி எண்ணால் பெருக்கினால் வருவதுதான் கடிகார வேகம். இரண்டு பிராசசர்களுக்கும் பெருக்கி ஒன்றே: 9. ஈ8400இல் 333 மெகாஹெர்ட்ஸை ஒன்பதால் பெருக்கினால் 3 கிகாஹெர்ட்ஸ். கியூ6600இல் 266ஐ ஒன்பதால் பெருக்கினால் 2.4. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸில் அந்த 266ஐ 333 என்று மாற்றினால் கியூ6600உம் 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும். ஈ8400 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அதே பஸ் வேகம் அது. பஸ் வேகத்தைப் பொறுத்தவரை மதர்போர்டுக்கு எந்தக் கூடுதல் சுமையும் இல்லை. ஜி0 வகைகளில் பெரும்பாலானவை இதைச் சிரமமின்றித் தாங்கின.

ஈ8400 வைத்திருந்தவர்கள் 4 கிகாஹெர்ட்ஸ் வரை போனார்கள். ஆனால் அதற்கு பஸ்ஸை 445க்குக் கொண்டுபோக வேண்டும். நல்ல மதர்போர்டும் நல்ல நினைவகமும் தேவை. 4க்கு எதிராக 3 என்று வைத்தால், மேலே சொன்ன சமப்புள்ளி 57இலிருந்து 67 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. இரட்டைக் கோருக்குச் சாதகம். அதே நேரம், நல்ல குளிரூட்டியோடு கியூ6600ஐ 400 பஸ்ஸில் 3.6க்குக் கொண்டுபோனவர்களுக்குச் சமப்புள்ளி 33 சதவீதத்துக்கு இறங்குகிறது. அன்றைய கேம்களிலேயே இழப்பு மிகச் சிறியதாகி, நாளைய கேம்களின் லாபம் முழுதாகக் கைக்கு வந்துவிடும். வெப்பத்தைச் சமாளிக்கத் தெரிந்தவருக்கு நாலு கோர்தான் சரி என்பதில் எனக்கு இப்போது ஐயம் இல்லை. தொழிற்சாலை வேகத்திலேயே ஓட்டப்போகிறவருக்குத்தான் தேர்வு உண்மையிலேயே கடினமானது.

இரண்டு பிராசசர்களுக்கும் இடையிலிருந்த விலை வேறுபாடான 83 டாலர் வேறு எங்கே போயிருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஜீஃபோர்ஸ் 8600 வகைக் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து 8800 ஜிடிக்குத் தாவ அந்தத் தொகை ஏறக்குறைய போதும். 1680க்கு 1050 திரையில் கிரைசிஸ் விளையாடியவருக்குப் பிராசசர் எதுவாக இருந்தாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான் முட்டுக்கட்டை. அங்கே இரட்டைக் கோரை வாங்கி மிச்சத்தைக் கார்டில் போடு என்ற அறிவுரை சரியானது. இதை மட்டும் நான் இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஒரே மதர்போர்டில் ஒரு மாற்றம்

2011 அக்டோபரில் பேட்டில்ஃபீல்ட் 3 வந்தது. குறைந்தபட்சம் இரட்டைக் கோர், பரிந்துரை நாலு கோர். ஒருவராக விளையாடும் கதைப் பகுதியில் ஈ8400 பிழைத்துக்கொண்டது. 64 பேர் சேர்ந்து மோதும் களத்தில் இரண்டு கோர்களும் நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றன. அக்கா மகன் ஒரு பழைய கியூ6600ஐக் குறைந்த விலைக்கு வாங்கி வந்தான். இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். அதே மதர்போர்டு, அதே கார்டு, அதே நினைவகம். பஸ்ஸை 333இல் வைத்து 3 கிகாஹெர்ட்ஸில் ஓட்டினோம். கடிகார வேகமும் ஒன்றாகிவிட்டதால் கோர்களின் எண்ணிக்கை மட்டுமே மாறியது என்று சொல்லும் அளவுக்கு அது ஒரு தூய சோதனை. பெரிய களத்தில் நிலைகுலைந்து தடுக்கியது நின்றுவிட்டது. பழைய கேம்களில் எந்த வேறுபாடும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

கியூ6600 எல்லாக் காலத்துக்கும் வென்றது என்று சொல்லிவிடவும் முடியாது. ஈ8400இல் எஸ்எஸ்இ 4.1 கட்டளைத் தொகுப்பு உண்டு. ஒரு தலைமுறை மூத்த கியூ6600இல் இல்லை. 2016இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கை, வெளியான நாளில் அந்தக் கட்டளைகள் இல்லாத பிராசசர்களில் ஓட மறுத்தது. திருத்தம் பிறகுதான் வந்தது. கோர்களை எண்ணி வாங்குகிறவர்கள் தலைமுறையை எண்ண மறந்துவிடுகிறார்கள்.

2014இல் மறுபடியும்

அதே கேள்வி 2014இல் வேறு வேடத்தில் வந்தது. பெண்டியம் பெயருக்கு இருபது ஆண்டு நிறைவை ஒட்டி இன்டெல் ஜி3258 என்ற பிராசசரை வெளியிட்டது. இரண்டு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், பெருக்கி பூட்டப்படாதது, 72 டாலர். 4.5 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோனவர்கள் பலர். சோதனைகளில் அன்றைய பல கேம்களில் இரண்டரை மடங்கு விலையுள்ள நாலு கோர் ஐ5 பிராசசர்களுக்கு அருகே அது வந்து நின்றது. பாராட்டு குவிந்தது. எனக்கு 2008தான் நினைவுக்கு வந்தது.

ஏனென்றால் முந்தைய நவம்பரில்தான் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய கன்சோல்கள் வந்திருந்தன. இரண்டிலும் எட்டு ஜாகுவார் கோர்கள், ஒன்றில் 1.6, மற்றதில் 1.75 கிகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு கோரும் மெலிந்தது. அவற்றுக்காக எழுதுகிறவர்களுக்கு வேலையைப் பலவாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது. 2005இல் நடந்ததை நான் அன்று கவனிக்கவில்லை. இந்த முறை கவனித்தேன்.

அக்கா மகன் ஜி3258 பற்றிக் கேட்டபோது அதை எத்தனை வருடம் வைத்திருப்பாய் என்று மட்டும் கேட்டேன். "ஐந்து வருடமாவது, மாமா" என்றான். ஐ5 வாங்கச் சொன்னேன். கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் குறைத்துக்கொண்டு அதை வாங்கினான். அந்த ஆண்டு நவம்பரில் ஃபார் கிரை 4 வந்தது. நாலு கோர் இல்லாத, நாலு திரெட்டும் ஓட்ட முடியாத பிராசசர்களில் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. கேமின் ஒரு திரெட்டை மூன்றாவது கோரில்தான் ஓட வேண்டும் என்று கட்டி வைத்திருந்தார்கள். ஜி3258இல் மூன்றாவது கோர் என்று ஒன்று இல்லை. அதே மாதம் வந்த டிராகன் ஏஜ்: இன்குவிசிஷனும் இரட்டைக் கோரில் தொடங்க மறுத்தது. கையில் சில நாள் வேலையும் பொறுமையும் இருந்த விளையாட்டாளர்கள் ஒரு சிறு கோப்பை எழுதி, அந்தத் திரெட்டை இருக்கிற கோருக்குத் திருப்பிவிட்டார்கள். ஃபார் கிரை 4 திறந்தது. திறந்த பிறகு அது ஓடிய விதம், 2008 டிசம்பரில் தொலைபேசியில் கேட்ட அதே பிடிப்புதான்.